மரம் அறுக்கும் மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லையா? கோளாறு இன்ஜினில் அல்ல, பெட்ரோலில் இருக்கலாம்!

2016-ல் சென்னையைப் புரட்டிப்போட்ட வர்தா, 2018-ல் டெல்டா மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்த கஜா என எந்தப் புயலாக இருந்தாலும், ஓய்ந்ததும் முதலில் தேடப்படுவது மரம் அறுக்கும் மெஷின்தான். ரோட்டில் விழுந்த மரத்தை அறுத்து அகற்றினால்தான் ஆம்புலன்ஸ் போகும், மின்கம்பம் வரும். ஆனால், வருஷம் முழுக்க மூலையில் கிடந்த மெஷின் அன்றைக்கென்று பார்த்து மக்கர் பண்ணும். ‘போன தடவை நல்லாத்தானே ஓடுச்சு’ என்று கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை வலிப்பதுதான் மிச்சம்.

இப்படி நின்றுபோகும் மெஷின்களில் பலவற்றில் இன்ஜின் கெட்டிருக்காது. போன தடவை டேங்க்கில் மிச்சம் வைத்த பெட்ரோல்தான் வேலையைக் காட்டியிருக்கும். பிரஷ் கட்டர், மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர் போன்ற சின்ன இன்ஜின்களுக்கும் இதே கதைதான்.

பழைய பெட்ரோல் என்ன செய்யும்?

பெட்ரோல் என்பது பல திரவங்களின் கலவை. அதில் எளிதில் ஆவியாகும் பகுதிதான் இன்ஜின் முதலில் தீப்பிடிக்க உதவுகிறது. வாரக்கணக்கில் டேங்க்கில் கிடந்தால் அந்தப் பகுதி ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது பிசின்போல் கெட்டியாகி கார்புரேட்டரில் படியும். அங்குள்ள துளைகள் மிக நுண்ணியவை என்பதால் கொஞ்சம் பிசின் படிந்தாலே அடைத்துக்கொள்ளும்.

மரம் அறுக்கும் மெஷினைச் சாய்த்தும் பக்கவாட்டில் திருப்பியும் பயன்படுத்துவதால், பைக்கில் இருப்பதுபோல மிதவை வைத்த கார்புரேட்டர் இதற்குச் சரிப்படாது. அதற்குப் பதிலாக டயாப்ரம் எனும் மெல்லிய சவ்வு பெட்ரோல் வரத்தைக் கட்டுப்படுத்துகிறது. அந்தச் சவ்வு விறைத்துப்போனாலும் மெஷின் ஸ்டார்ட் ஆகாது.

எத்தனால் கலப்பால் என்ன சிக்கல்?

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கை 2030-லிருந்து 2025-26-க்கு மத்திய அரசு முன்கூட்டியே கொண்டுவந்தது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அடிக்கடி பெட்ரோல் போட்டு ஓட்டும் வண்டியில் இது பெரிதாகத் தெரியாது. மழைக்காலத்தில் பாதி காலியான கேனில் மாதக்கணக்கில் கிடந்தால் தெரியும்.

நீர் ஓர் அளவைத் தாண்டியதும், எத்தனாலும் நீரும் சேர்ந்து தனி அடுக்காக அடியில் இறங்கிவிடும். பெட்ரோலில் கலந்த ஆயில் மேல் அடுக்கிலேயே நின்றுவிடும். எரிபொருளை உறிஞ்சும் ஃபில்டரோ டேங்க்கின் அடியில் கிடக்கிறது. அதனால் இன்ஜினுக்குள் ஆயிலே இல்லாத கலவை போகும். சந்தேகமாக இருந்தால், வெயிலும் நெருப்பும் படாத இடத்தில் டேங்க்கில் உள்ளதைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, சிறிது நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் அந்தப் பெட்ரோலை மெஷினில் ஊற்றக் கூடாது.

ஆயில் கலப்பது ஏன் அவ்வளவு முக்கியம்?

மரம் அறுக்கும் மெஷின்களில் பெரும்பாலும் இருப்பது டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். பழைய டிவிஎஸ் 50 ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. இதில் இன்ஜின் ஆயிலுக்குத் தனி இடம் கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகும் 2டி ஆயில்தான் பிஸ்டனைத் தேய்மானத்திலிருந்து காக்கிறது. 50:1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். 25:1 என்றால் 40 மில்லி. எந்த விகிதம் என்பது மெஷினின் கையேட்டில் இருக்கும்.

ஆயில் கூடினால் புகை வரும், பிளக் கரி பிடிக்கும். சுத்தம் செய்துவிடலாம். ஆயில் குறைந்தாலோ, விட்டுப்போனாலோ பிஸ்டன் சூடேறி சிலிண்டரோடு இறுகிவிடும். மெக்கானிக்குகள் ‘சீஸ் ஆயிடுச்சு’ என்பது இதைத்தான். அதற்குப் பிறகு செலவு பெரியது. எனவே, டேங்க்கிலேயே குத்துமதிப்பாக ஊற்றாமல், தனி கேனில் அளந்து கலந்து குலுக்கி ஊற்றுவதே சரி.

ஸ்டார்ட் செய்யும்போது நடக்கும் தவறு

குளிர்ந்த இன்ஜினுக்கு சோக் போட்டுக் கயிற்றை இழுத்தால், சில இழுப்புகளில் ‘டப்’ என்று ஒரு சத்தம் வந்து அடங்கும். பலர் இதைக் கவனிக்காமல் சோக்கிலேயே தொடர்ந்து இழுக்கிறார்கள். உள்ளே பெட்ரோல் தேங்கி பிளக் நனைந்துவிடும். அந்தச் சத்தம் கேட்டவுடன் சோக்கை அடுத்த நிலைக்குக் குறைத்து இழுத்தால், இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.

மெஷினைக் கையில் தொங்கவிட்டபடி இழுப்பது ஆபத்து. தரையில் வைத்து, செயின் பிரேக் போட்டு, பின்கைப்பிடியைக் காலால் அழுத்திக்கொண்டு இழுக்க வேண்டும். பெட்ரோல் ஊற்றிய இடத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளிவந்து ஸ்டார்ட் செய்வது நல்லது.

அப்படியும் வரவில்லையா? பிளக்கைக் கழற்றுங்கள்

முதலில் ஸ்விட்ச் ஆன் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் அடிக்கடி நடப்பது.

* பிளக் காய்ந்திருந்தால்: பெட்ரோல் வந்து சேரவில்லை. டேங்க் ஃபில்டர், குழாய், கார்புரேட்டரில் அடைப்பு இருக்கலாம்.

* பிளக் நனைந்திருந்தால்: பெட்ரோல் அதிகமாகிவிட்டது, அல்லது ஸ்பார்க் வரவில்லை. பிளக்கைத் துடைத்து, சோக்கையும் ஸ்விட்ச்சையும் ஆஃப் செய்து, பிளக் இல்லாமலே சில தடவை கயிற்றை இழுத்தால் தேங்கியது வெளியேறும். பிளக் துளைக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள். கொஞ்ச நேரம் விட்டு பிளக்கை மாட்டி முயலலாம்.

* சில நிமிஷம் ஓடி நின்றால்: டேங்க் மூடியை லேசாகத் திறந்து மூடிப் பாருங்கள். அதற்குப் பிறகு ஓடினால், டேங்க்குக்குக் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது.

* கயிறு எந்த எதிர்ப்பும் இல்லாமல் லேசாக வந்தால்: பிஸ்டனோ, ரிங்கோ தேய்ந்திருக்கலாம். இது மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை.

எடுத்துவைக்கும் முன்பு...

கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. அதற்கு மேல் மெஷினுக்கு வேலை இல்லையென்றால், இன்ஜின் ஆறிய பிறகு டேங்க்கைக் காலி செய்யுங்கள். பிறகு மீண்டும் ஸ்டார்ட் செய்து, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். ஏர் ஃபில்டரையும் தட்டிச் சுத்தம் செய்துவிட்டால், மெஷினை நிம்மதியாக மூலையில் வைக்கலாம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் ஒருநாள் புதுப் பெட்ரோல் ஊற்றி ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். அப்போது தெரியும் கோளாறை மெக்கானிக்கிடம் காட்ட நேரம் இருக்கும். புயலுக்கு மறுநாள் கடையும் திறந்திருக்காது, போகிற வழியிலும் மரம் கிடக்கும்.