குருதியில் கனலும் அழற்சி

கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் ஒருவருக்கு மூட்டுகள் வீங்கி நாள்பட்டால், மருத்துவர் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. சோதனைகளுக்கு எழுதித் தருவார். சி.ஆர்.பி. என்பது 1930ஆம் ஆண்டு நியூயார்க்கில் கண்டறியப்பட்ட புரதம். அழற்சி மூண்டால் சில மணி நேரத்தில் பெருகும். தணிந்தால் விரைந்து குறையும்.

அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறையோ வேறு வழியில் அளக்கிறது. வலிய காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட குருதி நீர்மத்தின்மீது வானொலி அலை பாய்ச்சப்படும். அழற்சிக் காலத்தில் பெருகும் பல புரதங்களின் சர்க்கரைத் தொடர்கள் ஒருசேரத் தரும் குறிப்பலையே 'கிளைக்-ஏ'. இத்தகைய குறிகளை 1987இல் லண்டன் ஆய்வாளர்கள் இனங்கண்டனர். பல புரதங்களின் கூட்டளவாதலால், இது சி.ஆர்.பி.யைப்போல் நாளுக்கு நாள் ஏறி இறங்குவதில்லை.

எனினும் இச்சோதனைகள் வீட்டில் தீ மூண்டதைச் சொல்லுமேயன்றி, எந்த அறையில் என்று சொல்லா. ஆகவே எண்ணைக் கண்டு கலங்கவும் வேண்டா. வலி மாத்திரையை விழுங்கி வாளாவிருக்கவும் வேண்டா. மருத்துவரிடம் காட்டுங்கள்.