சிப் தயார்... கம்பைலர் யார் எழுதுவது? 'விக்ரம் 3201' படத்தில் தெரியாத வேலை

2025 செப்டம்பர் 2. டெல்லியில் செமிகான் இந்தியா மாநாட்டு மேடை. மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், பிரதமர் மோதியிடம் 'விக்ரம் 3201' சிப்பைக் கொடுக்கிறார். ராக்கெட்டின் கடுமையான சூழலுக்குத் தகுதி பெற்ற, முழுக்க இந்தியாவிலேயே உருவான முதல் 32-பிட் மைக்ரோபிராசஸர். அன்று மாலைக்குள் எல்லோருடைய டைம்லைனிலும் அந்தப் படம் வந்துவிட்டது.

அதே ஆண்டு மார்ச்சில் இந்த சிப் பற்றி இஸ்ரோ வெளியிட்ட அறிவிப்பில், அதிகம் பேசப்படாத ஒரு தகவல் இருந்தது. விக்ரமுக்கான ஏடா மொழிக் கம்பைலர், அசெம்பிளர், லிங்கர், சிமுலேட்டர் எல்லாமே இஸ்ரோவுக்குள்ளேயே உருவாக்கப்படுகின்றன. சி மொழிக் கம்பைலரும் தயாராகி வருகிறது என்பதுதான் அது. எனக்கென்னவோ அந்த வரிதான் பெரிய செய்தியாகப் பட்டது.

ஏனென்றால், கம்பைலர் இல்லாத சிப்பில் யாராலும் உருப்படியாக ஒரு புரோகிராம் எழுத முடியாது.

கம்பைலர் செய்வது என்ன?

நாம் சி, ரஸ்ட் போன்ற மொழிகளில் எழுதும் கோடை, பிராசஸருக்குப் புரியும் ஆணைகளாக மாற்றுவது கம்பைலரின் வேலை. சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு பிராசஸர் குடும்பத்துக்கும் ஆணைகள் வேறு. உங்கள் ஃபோனில் இருக்கும் ஏஆர்எம் சிப்புக்குப் புரிவது, அலுவலகக் கம்ப்யூட்டரின் எக்ஸ்86 சிப்புக்குப் புரியாது. இந்த ஆணைகளின் தொகுப்பைத்தான் 'இன்ஸ்ட்ரக்‌ஷன் செட்' என்கிறார்கள்.

சில வருடம் முன்பு என் லேப்டாப் ஏஆர்எம் சிப்புக்கு மாறியபோது, தினமும் பயன்படுத்தும் ஒரு பைத்தான் லைப்ரரி இன்ஸ்டால் ஆகவே மறுத்தது. கோடில் தப்பே இல்லை. அந்த சிப்புக்காக அதை யாரும் இன்னும் கம்பைல் செய்து வைக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் வேலை போனது. பல வருடம் சந்தையில் இருந்த ஏஆர்எம்முக்கே இந்த நிலை என்றால், நேற்று பிறந்த சிப்புக்கு?

முழுதாக எழுத வேண்டுமா?

வேண்டாம். ஓப்பன் சோர்ஸ் கம்பைலர்களின் அருமை இங்கேதான். ஜிசிசி, எல்எல்விஎம் இரண்டுமே வேலையைப் பிரித்து வைத்திருக்கின்றன. முன்பகுதி மொழியைப் படிக்கும். நடுப்பகுதி அதை ஒரு பொது வடிவத்துக்கு மாற்றி, தேவையற்றதை வெட்டி வேகப்படுத்தும். பின்பகுதி, அதாவது பேக்எண்ட், குறிப்பிட்ட சிப்பின் ஆணைகளாக எழுதித் தரும்.

10 மொழிகள், 10 சிப்கள் என்று வைத்துக்கொண்டால், தனித்தனியாக எழுதினால் 100 கம்பைலர்கள் தேவை. இப்படிப் பிரித்தால் 10 முன்பகுதி, 10 பின்பகுதி போதும். புதிய சிப் வந்தால் ஒரு பேக்எண்ட் எழுதினால் பெரும்பகுதி வேலை முடிந்தது. 'போர்ட்டிங்' என்று சொல்வது இதைத்தான்.

அந்த ஒரு பேக்எண்ட் எவ்வளவு கஷ்டம்?

ரிஸ்க்-ஃபைவ் என்ற இன்ஸ்ட்ரக்‌ஷன் செட்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-ல் தொடங்கியது; யார் வேண்டுமானாலும் உரிமத் தொகை தராமல் பயன்படுத்தலாம். அதில் ஒரு ரெஜிஸ்டருக்குள் 8000 என்ற எண்ணை வைக்க வேண்டும். கேட்க எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது?

அடிப்படை ஆணை ஒவ்வொன்றும் 32 பிட் நீளம். என்ன கணக்கு, எந்த ரெஜிஸ்டர் என்பதெல்லாம் போக, கூட்டல் ஆணைக்குள் நேரடியாக எண் எழுத மிஞ்சுவது 12 பிட்தான். அதில் -2048 முதல் 2047 வரைதான் அடங்கும். பெரிய எண்ணாக இருந்தால் இரண்டு ஆணைகள் தேவை: முதலாவது 4096-ன் மடங்கு ஒன்றை வைக்கும், இரண்டாவது மிச்சத்தைக் கூட்டும். 5000 என்றால் 4096 + 904. சுலபம்.

ஆனால் 8000? 4096 போக மிச்சம் 3904. அது 2047-ஐத் தாண்டிவிட்டது. அதனால் ஒரு மடங்கு கூடுதலாக 8192 வைத்து, அதிலிருந்து 192-ஐக் கழிக்க வேண்டும். இதை யாராவது கம்பைலருக்குச் சொல்லித்தர வேண்டும். மறந்துவிட்டால், 12 பிட்டுக்குள் திணிக்கப்பட்ட 3904-ஐ சிப் -192 என்று படிக்கும். 8000 வர வேண்டிய இடத்தில் 3904 வந்து நிற்கும். எந்த எரர் மெசேஜும் வராது. அந்த எண் ஒரு ராக்கெட்டின் வால்வு எப்போது திறக்க வேண்டும் என்ற கணக்காக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரே ஒரு எண்ணை வைப்பதற்கே இவ்வளவு. ஒரு ஃபங்ஷன் இன்னொன்றை அழைக்கும்போது மதிப்புகளை எந்த ரெஜிஸ்டரில் கொடுப்பது, எதைக் கலைக்காமல் திருப்பித் தருவது என்ற ஒப்பந்தம் தனி. ரிஸ்க்-ஃபைவில் முதல் மதிப்பு ஏ0 என்ற ரெஜிஸ்டரில் போகும், பதிலும் அதிலேயே வரும். கம்பைலர், லைப்ரரி, ஆபரேட்டிங் சிஸ்டம் எல்லாமே இதற்குக் கட்டுப்பட வேண்டும். கூடவே அசெம்பிளர், லிங்கர், டீபக்கர், சி லைப்ரரி ஆகியவற்றையும் போர்ட் செய்தாக வேண்டும்.

சிப் கையில் கிடைப்பதற்கு முன்பே இதெல்லாம் தொடங்கிவிடும் என்பது இன்னொரு வேடிக்கை. சாதாரணக் கம்ப்யூட்டரில் கம்பைல் செய்து, சிமுலேட்டரில் ஓட்டிப் பார்ப்பார்கள். ஜிசிசிக்கு ஒரு கடினமான பரீட்சை உண்டு. அது தன்னையே கம்பைல் செய்ய வேண்டும். அப்படி உருவான கம்பைலர் மறுபடி தன்னையே கம்பைல் செய்யும்போது, இரண்டு முறையும் ஒரே விடை வர வேண்டும்.

எத்தனை வருடம் ஆகும்?

எல்எல்விஎம்முக்கான ரிஸ்க்-ஃபைவ் பேட்ச்களை லோரிஸ்க் அமைப்பின் அலெக்ஸ் பிராட்பரி 2016 ஆகஸ்டில் அனுப்பத் தொடங்கினார். ஒவ்வொன்றையும் மற்றவர்கள் படித்து, கேள்வி கேட்டு, திருத்தச் சொன்ன பிறகே சேர்ப்பார்கள். 2019 செப்டம்பரில் எல்எல்விஎம் 9 வெளியானபோதுதான் அதிலிருந்து 'பரிசோதனை நிலை' என்ற முத்திரை நீங்கியது. மூன்று வருடம்! ஜிசிசியில் கொஞ்சம் முந்தி, 2017 மே மாதம் பதிப்பு 7-ல் வந்துவிட்டது. லினக்ஸ் கெர்னலில் 2018 ஜனவரி. டெபியன் தன் அதிகாரபூர்வ நிலையான பதிப்பில் ரிஸ்க்-ஃபைவைச் சேர்த்தது 2025 ஆகஸ்டில். ஆய்வகத்தில் தொடங்கி 15 வருடம்.

இந்தியா எந்த வழியில் போகிறது?

ஒரே நேரத்தில் மூன்று வழிகளில்.

விக்ரமுக்குத் தனி இன்ஸ்ட்ரக்‌ஷன் செட். 2009 முதல் இஸ்ரோ ராக்கெட்டுகளில் பறக்கும் 16-பிட் விக்ரம் 1601-ன் அடுத்த தலைமுறை அது. இதுவரை வேறு யாரும் பயன்படுத்தாத ஆணைகள் என்பதால், கருவிகளையும் தானே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

விக்ரமுடன் சேர்த்து அதே மார்ச்சில் இஸ்ரோவிடம் ஒப்படைக்கப்பட்ட இன்னொரு சிப் 'கல்பனா 3201'. அது ஸ்பார்க் வி8 என்ற பழைய, பொதுத் தரநிலையில் அமைந்த இன்ஸ்ட்ரக்‌ஷன் செட்டைப் பயன்படுத்துகிறது. ஐரோப்பிய விண்கலங்களில் பறக்கும் லியோன் பிராசஸர்களும் இதே வகை. ஜிசிசிக்கு ஸ்பார்க் பல வருடப் பழக்கம் என்பதால், கல்பனா பிறக்கும்போதே அதற்குக் கம்பைலர் இருந்தது. ஓப்பன் சோர்ஸ் கருவிகளோடு இயங்கும் விதமாகத்தான் அதை வடிவமைத்ததாக இஸ்ரோவே சொல்கிறது.

மூன்றாவது, சென்னை ஐஐடியின் 'சக்தி'. ரிஸ்க்-ஃபைவ் அடிப்படையிலானது. 2018-ல் அதன் சிப் வந்தபோது லினக்ஸும் அதில் ஓடியது. பெர்க்லியிலும் கேம்பிரிட்ஜிலும் யார் யாரோ எழுதிய பேக்எண்ட், சென்னையில் வடிவமைத்த சிப்புக்குப் பயன்பட்டது.

தனி இன்ஸ்ட்ரக்‌ஷன் செட் என்பது வீண் பிடிவாதம் என்று நான் சொல்லவில்லை. பல வருடம் பறந்து சோதிக்கப்பட்ட ராக்கெட் மென்பொருள் ஏற்கெனவே கையில் இருக்கும் ஓர் அமைப்புக்கு அதில் நியாயம் உண்டு. ஆனால், 'நம்ம சிப், நம்ம ஆணைகள்' என்று அதையே லேப்டாப்புக்கும் ஃபோனுக்கும் நீட்டச் சொல்பவர்கள், கம்பைலருக்கு ஆகும் செலவைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அது ஒருமுறை எழுதிவிட்டு விடுகிற வேலையும் இல்லை. கம்பைலரின் நடுப்பகுதி மாறிக்கொண்டே இருக்கும். பின்பகுதியையும் யாராவது அதற்கேற்ப மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பெரிய நிறுவனங்களுக்கும் இதில் விலக்கில்லை. அல்டெரா உருவாக்கி, பின்னர் இன்டெல் கைக்கு வந்த நியோஸ் 2 என்ற பிராசஸரை இன்டெல் கைவிட்டது. ஜிசிசி 2024-ல் அதன் பேக்எண்டை காலாவதிப் பட்டியலில் போட்டது. 2025 ஏப்ரலில் வந்த பதிப்பு 15-ல் மொத்தமாக நீக்கிவிட்டது. நியோஸ் 2-க்குப் பதிலாக வந்த நியோஸ் 5, ரிஸ்க்-ஃபைவ் அடிப்படையில் செய்யப்பட்டது.