பாரீஸில் ஓடித் திரட்டும் பணம், பூரணாங்குப்பத்துக்கு எந்தக் கணக்கில் வருகிறது?

"சித்தப்பா, உங்க அக்கவுண்ட் நம்பர் அனுப்புங்க. மாரத்தான் ஓடப்போறேன். ஃபிரெண்ட்ஸ் கொடுக்கிற பணத்தை அதிலேயே போட்டுடறேன், நம்ம ஊர் ஸ்கூலுக்குச் செலவு பண்ணுங்க." பிரான்ஸிலிருந்து அண்ணன் மகன் இப்படிக் கேட்டால், புதுச்சேரி பூரணாங்குப்பத்துச் சித்தப்பா மகிழ்ந்துபோய் எண்ணை அனுப்பிவிடுவார். தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

காரணம் நம் வரலாற்றிலேயே இருக்கிறது. 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் பல. பிரெஞ்சுப் படையில் இருந்த 'சொல்தா' குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று பாரீஸைச் சுற்றி வாழ்கிறார்கள். தமிழ் பேசினாலும், ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை வைத்திருந்தாலும், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை (ஒழுங்குமுறை)ச் சட்டத்தின் பார்வையில் அவர்கள் வெளிநாட்டவரே. ஊர்ப் பொதுக்காரியத்துக்கு அவர்கள் தரும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகிவிடுகிறது. உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதை வாங்கினால் ஐந்தாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் இந்தச் சட்டம் குறுக்கே வராது. ஆனால் அவரே அலுவலகத்துப் பிரெஞ்சு நண்பர்களிடம் வசூலித்து அனுப்பினால், அது அவர் சேமிப்பு அல்ல. பலர் சறுக்கும் இடம் இது. வருமான வரியும் சேர்ந்துகொள்ளும்: உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் உங்கள் கணக்கில் வந்தால், மொத்தத் தொகையும் உங்கள் வருமானமாகக் கணக்கிடப்படலாம். ஊருக்காக வாங்கியவர், தன் கையிலிருந்து வரி கட்ட நேரும்.

நேர்வழி இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை பெற உள்துறை அமைச்சகத்தில் பதிவு செய்த அமைப்புகள் இருக்கின்றன. அப்படிப் பதிவு செய்த அமைப்பிடம் முதலில் பேசுங்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பணம் முதலில் புதுதில்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வரவேண்டும். அங்கே பெற்ற பணத்தை வேறொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. ஆகவே "எங்க டிரஸ்டுக்கு வரட்டும், உங்களுக்குத் தந்துடறோம்" என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். பதிவு இல்லாத ஊர் அமைப்பாக இருந்தால், இன்னாரிடமிருந்து இவ்வளவு தொகை, இந்த வேலைக்கு என்று குறிப்பிட்டு முன் அனுமதி கேட்கலாம். அதற்கு மாதங்கள் ஆகலாம் என்பதால், ஓடுபவர் பயிற்சி தொடங்கும் நாளிலேயே இந்த வேலையையும் தொடங்க வேண்டும்.

இங்கிருந்து வெளிநாடு சென்று ஓடுபவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. மாரத்தான் நுழைவுக்கான குலுக்கலில் இடம் கிடைக்காதவர்கள் தொண்டு நிறுவனத்தின் பெயரில் ஓட முன்வருகிறார்கள். 2000-இல் லண்டனில் தன் முதல் மாரத்தானைக் குறைமாதக் குழந்தைகளுக்கான 'பிளிஸ்' அமைப்புக்காக ஓடிய முதியவர் ஃபௌஜா சிங்கை உலகமே கொண்டாடியது. ஆனால் இப்படிக் கிடைக்கும் இடத்துக்கு ஓர் உறுதிமொழி உண்டு: குறைந்தபட்சம் இவ்வளவு திரட்டித் தருவேன் என்பது. அமெரிக்கப் போட்டிகள் சிலவற்றில், குறையும் தொகையை உங்கள் கிரெடிட் கார்டிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். கையெழுத்திடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். 2012-இல் சாண்டி புயலால் நியூயார்க் மாரத்தான் இரண்டு நாள் முன்னதாக ரத்தானது. பலர் அதற்குள் விமானம் ஏறி வந்து சேர்ந்திருந்தார்கள். ரத்தானால் யார் எதைத் திருப்பித் தருவார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்துக்கு இங்குள்ளவர்கள் தரும் பணத்துக்கு நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடையாது. நன்கொடை கேட்கும்போதே இதைச் சொல்லிவிடுவது நேர்மை.

உடம்பு விஷயத்தில் தாகத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்து ரத்தத்தில் சோடியம் குறைவதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 விழுக்காட்டினருக்கு சோடியம் குறைந்திருந்தது. மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டையின் பின்பக்கத்தில் பெயர், உறவினர் தொலைபேசி, நோய், சாப்பிடும் மாத்திரை என்று எழுத இடம் இருக்கும். அதைக் காலியாக விடாதீர்கள். மயங்கி விழுந்தால் மருத்துவர் முதலில் பார்ப்பது அதைத்தான். இதே காரணத்தால்தான் இன்னொருவர் எண்ணில் ஓடுவதும் தடை: தவறான பெயரில், தவறான நோய்க் குறிப்போடு சிகிச்சை நடக்கும்.

பிரான்ஸ் போன்ற ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். ஆனால் பயணக் காப்பீட்டில் போட்டி விளையாட்டுக் காயங்கள் விலக்கப்பட்டிருக்கலாம். மாரத்தான் அடங்குமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பாலிசியில் வராததை வாய்ப்பேச்சு காப்பாற்றாது. கோரிக்கை மறுக்கப்பட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கு நீங்கள் எழுதிய புகாரையும் நிராகரித்தால், அல்லது ஒரு மாதம் பதிலே இல்லையென்றால், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். புதுச்சேரிக்கும் அவர்தான்.

நுழைவு எண்ணும் பயணமும் சேர்த்து விற்று ஏமாற்றிய ஏஜென்சி மீது 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். இரண்டாண்டுக்குள் புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடலாம். நீங்கள் செலுத்தியது 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. உங்கள் படத்தைத் திருடி யாராவது போலி நிதி வசூல் நடத்தினால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வங்கியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

அண்ணன் மகன் அடுத்த முறை கேட்டால், பதிவு பெற்ற அமைப்பின் பெயரையும் அதன் பதிவு எண்ணையும் அனுப்புங்கள். உங்கள் கணக்கு எண் வேண்டாம்.