காஞ்சனபுரிக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

பாங்காக்கிலிருந்து கிளம்பும் ஒருநாள் சுற்றுலா வேன்கள் காஞ்சனபுரியில் நேராகக் கொண்டுபோய் நிறுத்துவது குவாய் ஆற்றுப் பாலத்தில்தான். தண்டவாளத்தின் நடுவே நின்று ஒரு படம், மிதவை உணவகத்தில் சாப்பாடு, கொஞ்சம் கடைவீதி. நேரம் மிச்சமிருந்தால் அருங்காட்சியகம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதையை ஒழுங்காகப் பார்க்க நினைப்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கருத்து.

பாலத்தின் புகழுக்குக் காரணம் 1957-ல் வந்த ஆங்கிலப் படம். அதையும் தாய்லாந்தில் எடுக்கவில்லை; இலங்கையில் கித்துல்கலவில், களனி ஆற்றின் மேல் மரப்பாலம் கட்டி எடுத்தார்கள். காஞ்சனபுரியில் இருப்பதோ இரும்புப் பாலம். படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் குவாய் ஆறு எங்கே என்று தேட, மே க்ளோங் என்று இருந்த ஆற்றின் மேற்பகுதிக்கு 1960-ல் குவாய் யாய் என்று பெயரையே மாற்றிவிட்டார்கள். பாலத்தில் வளைவாக இருக்கும் இரும்புச் சட்டங்கள் பழையவை. நடுவே வளைவில்லாமல் நிற்கும் இரண்டும், நேசநாட்டு விமானங்கள் குண்டு போட்டு உடைத்தவற்றுக்குப் பதிலாகப் போருக்குப் பின் பொருத்தியவை. பாலத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். கால் மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம்.

பார்க்க வேண்டியது பாதையின் கதை. பர்மாவில் இருந்த தன் படைக்குக் கடல்வழியாகச் சரக்கு அனுப்புவது ஜப்பானுக்கு ஆபத்தாகிவிட்டது. அதனால் தாய்லாந்தின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டருக்கு, மலையையும் காட்டையும் குடைந்து ரயில்பாதை போட்டது. 1942-ன் நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. வேலை வாங்கப்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல். செத்தவர்கள் 12,000-க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 2 லட்சம் பேர். அவர்களில் 90,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் ஆகியோருடன், மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர் இதில் அடக்கம். போர் வந்ததும் தோட்டங்களில் வேலை நின்று பசி வந்திருந்தது. நல்ல சம்பளம், மூன்று மாத ஒப்பந்தம் என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். ஆசை காட்டி ஆள் சேராதபோது பிடித்துக்கொண்டு போனார்கள். 1943 மழைக்காலத்தில் முகாம்களுக்குள் காலரா புகுந்தது. கைதிகளிடம் மருந்து இல்லாவிட்டாலும் மருத்துவர்கள் இருந்தார்கள், ஆள் கணக்கு வைக்க அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டத்துச் சனங்களுக்கு இரண்டுமே இல்லை.

இந்த வித்தியாசம்தான் இன்று அருங்காட்சியகத்துக்குள்ளும் தெரிகிறது. நாட்குறிப்பு எழுதியவர்கள், ஒளித்துவைத்துப் படம் வரைந்தவர்கள், பிழைத்து ஊர் திரும்பிப் புத்தகம் போட்டவர்கள் எல்லாம் கைதிகள். கண்ணாடிப் பெட்டிகளில் நாம் பார்க்கும் பொருள்களில் பெரும்பாலானவை அவர்களுடையவை. ஆகவே உள்ளே போகும்முன் நம் பக்கத்துக் கதையைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போவது நல்லது. மலேசியத் தமிழ் எழுத்தில் இதற்குக் குறைவில்லை: ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய இரண்டு நாவல்களும் இந்தப் பாதையைப் பற்றியவையே. ஒன்றைப் படித்திருந்தாலும் போதும்.

முதல் காலையைத் தாய்லாந்து–பர்மா ரயில்வே மையத்தில் தொடங்குங்கள். 2003-ல் திறந்தது. நிறுவியவர் ராட் பீட்டி என்ற ஆஸ்திரேலியர். காடு மூடிக்கிடந்த பழைய பாதையை நடந்தே தேடி அளந்தவர். பாதையை ஏன் போட்டார்கள், எப்படிப் போட்டார்கள், நோய் எப்படிப் பரவியது என்று வரிசையாகச் சொல்லும் இடம் இது. ஆசியத் தொழிலாளர்களின் சாவையும் எண்ணிக்கையில் சேர்த்துக் காட்டுகிறது. இரண்டு மணி நேரமாவது வேண்டும். படமெடுக்கலாமா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். சின்னப் பிள்ளைகளோடு போனால், நோயும் பட்டினியும் பற்றிய பகுதிகள் இருக்கின்றன என்பதை மனதில் வையுங்கள். அவர்களை அழைத்துப்போவதா, வெளியே ஒருவர் பார்த்துக்கொள்வதா என்று முந்தின நாளே முடிவு செய்துவிடலாம்.

1977-ல் வாட் சாய் சும்போன் கோயில் வளாகத்தில் தொடங்கிய ஜீத் போர் அருங்காட்சியகமும் ஊரில் உண்டு. கைதிகள் கிடந்த மூங்கில் குடிசையின் மாதிரியில் கட்டியது. அதன் பெயர் ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, தாய்லாந்து, ஹாலந்து ஆகியவற்றின் முதலெழுத்துகளைக் கோத்தது. தமிழருக்கும் பர்மியருக்கும் அதில் இடமில்லை. நேரமிருந்தால் போகலாம்.

ரயில்வே மையத்தின் மாடியில் தேநீர் குடிக்க உட்கார்ந்தால் ஜன்னலுக்கு வெளியே தெரிவது போர்க் கல்லறைத் தோட்டம். பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் என்று ஏறக்குறைய 7,000 பேர் அங்கே கிடக்கிறார்கள். அமெரிக்கர்களின் உடல்களை அவர்கள் நாட்டுக்கே கொண்டுபோய்விட்டார்கள். உள்ளே சத்தமாகப் பேசக் கூடாது, கல் மேல் மிதிக்கக் கூடாது, உட்காரக் கூடாது. யாராவது ஒரு கல்லின் முன் குனிந்து நின்றால் சுற்றிப் போங்கள். பேரன் பேத்திகள் இன்றும் தேடி வருகிறார்கள். பெயரோடு வயதும் பொறித்திருப்பதால் இருபத்துமூன்று, இருபத்தைந்து என்று படித்துக்கொண்டே நடக்க வேண்டியிருக்கும். நுழைவாயில் கட்டடத்தில் தனியாக 11 பெயர்கள் உண்டு: பிரிக்கப்படாத இந்தியாவின் படைவீரர்கள், தாய்லாந்தின் முஸ்லிம் இடுகாடுகளில் புதைக்கப்பட்டவர்கள். பெரும்பாலோர் இதைக் கவனிக்காமலே உள்ளே போய்விடுகிறார்கள்.

தோட்டத் தொழிலாளர்களுக்கு இப்படி ஒரு வரிசை கிடையாது. செத்தவர்களைச் செத்த இடத்திலேயே புதைத்தார்கள், எரித்தார்கள். பலரைச் சும்மா காட்டில் விட்டார்கள். 1990-ல் காஞ்சனபுரியிலேயே பெரிய புதைகுழி ஒன்று அகப்பட்டது. 2023-ல் வாட் தாவோன் வராராம் என்ற கோயில் வளாகத்தில் தமிழ்த் தொழிலாளர்களுக்காக ஒரு நடுகல் நாட்டினார்கள். சுற்றுலா வேன் இங்கே நிற்பதில்லை, கேட்டுத்தான் போக வேண்டும். வழிபாடு நடக்கும் புத்தக் கோயில் அது. தோளும் முழங்காலும் மறையும் உடை, கூடத்துக்குள் போனால் செருப்பைக் கழற்றுவது, புத்தரை நோக்கிக் கால் நீட்டாமல் இருப்பது எல்லாம் நமக்கும் பழக்கமானவையே.

மறுநாளை முழுதாக ஹெல்ஃபயர் பாஸுக்கு ஒதுக்குங்கள். ஊரிலிருந்து வடமேற்கே சுமார் 80 கிலோமீட்டர். ரயிலில் போனால் ‘நாம் தோக்’ என்ற நிலையத்தில் இறங்கி அங்கிருந்து வண்டி பிடிக்க வேண்டும்; போகும்போது இடப்பக்கம் உட்கார்ந்தால் ஆற்றையொட்டி மலைச்சரிவில் ஓடும் வாம்போ மரப்பாலத்தைப் பார்க்கலாம். ஹெல்ஃபயர் பாஸ் நடு மலையில் வெட்டிய பள்ளம். ஒருவர் உளியைப் பிடித்துத் திருப்ப, இன்னொருவர் சம்மட்டியால் அடித்துத் துளை போட்டு, வெடி வைத்து, உடைந்த கல்லைக் கூடையில் சுமந்து கொட்டினார்கள். இரவில் தீப்பந்தமும் மூங்கில் நெருப்பும் வைத்து வேலை வாங்கியதால் ‘நரக நெருப்பு’ என்று கைதிகள் இட்ட பெயர் இது. ஆஸ்திரேலிய அரசு நடத்தும் விளக்க மையத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை. மாலை 4 மணிக்கே மூடிவிடுவார்கள் என்பதால் காலையில் போய்ச் சேருவது உத்தமம். உயிர் பிழைத்தவர்களின் குரலிலேயே விவரம் சொல்லும் ஒலிக் கருவியை வாங்கிக்கொள்ளுங்கள். அதன்பிறகு வழிகாட்டி தேவைப்படாது, கூட வந்தவர்களோடு பேசவும் தோன்றாது. படிகள் அதிகம்; முழங்கால் வலி உள்ளவர்கள் மேலிருந்தே பள்ளத்தைப் பார்த்துவிடலாம். பாறையில் இன்னும் துளையின் தடங்கள் இருக்கின்றன. தடவிப் பார்க்கலாம், கல்லைப் பெயர்த்து எடுத்துவரக் கூடாது. ஏப்ரல் 25 அங்கே ஆஸ்திரேலியர்களின் விடியற்கால அஞ்சலி நாள். அதில் கலந்துகொள்ள வருவதானால் சரி, சுற்றிப்பார்க்க வருவதானால் வேறு நாள் பாருங்கள். பாலத்தில் நவம்பர் கடைசியை ஒட்டி நடக்கும் ஒலி-ஒளி விழாவில் குண்டுவீச்சையே வாணவேடிக்கையாக்கிக் காட்டுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை.

மலேசியாவில் உறவு உள்ளவர்கள் கிளம்பும்முன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: நம்மில் யாராவது சயாமுக்குப் போனார்களா, எந்தத் தோட்டத்திலிருந்து, எந்த முகாமின் பெயரையாவது சொன்னார்களா? தொழிலாளர் பெயர்ப்பட்டியல் அருங்காட்சியகத்தில் கிடைக்காது. முகாம்களைக் குறித்த வரைபடங்கள் உண்டு. பெயர் தெரிந்தால் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். நாம் தோக்குக்கு அப்பால் உள்ள முகாம் என்றால் கார் எடுக்க வேண்டும். போருக்குப் பிறகு அந்தப் பக்கத் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள்.