முருங்கை பூத்த சேதி

நல்ல சேதியை நாலு பேரிடம் சொல்ல நமக்கு எப்போதுமே தயக்கம். கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மகளுக்கு வரன் அமைந்ததை நிச்சயதார்த்தம் முடியும்வரை வெளியே விடமாட்டோம். மனை வாங்கிய விஷயம் பத்திரம் பதிந்த பிறகுதான் சொந்தக்காரர்களுக்கே தெரியவரும். இதில் நியாயம் இல்லாமலும் இல்லை. பெரிய நல்லது எதைச் சொன்னாலும் கேட்பவர் மனத்தில் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிடுகிறது. என் மகளுக்கு எப்போது, எங்களுக்கு ஏன் அமையவில்லை என்கிற கணக்கு.

முருங்கை பூத்ததற்கு யார் கண் வைக்கப்போகிறார்கள்? காய்கறி வண்டிக்காரர் கொசுறாகக் கை நிறையக் கறிவேப்பிலை அள்ளிக் கொடுத்ததை நினைத்து யார் வயிறு எரியப்போகிறார்கள்? இத்தகைய சின்னச் சந்தோஷங்களைத் தயங்காமல் சொல்லிவிடலாம். ஆனால் சொல்வதற்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். துக்கம் என்றால் தெருவே திரண்டு வரும். கல்யாணம் என்றால் பத்திரிகை வைத்து ஊரையே அழைக்கலாம். ‘இன்றைக்கு மாவு நன்றாகப் பொங்கியிருந்தது’ என்பதற்காக யாரைக் கூப்பிட்டுப் பேசுவது?

எனக்கு அப்படிச் சிலர் இருக்கிறார்கள். கொரோனா காலத்தில் இணையவழிப் புத்தகக் கூட்டம் ஒன்றில் அறிமுகமானவர்கள். கூட்டம் நின்றுபோன பிறகும் வாட்ஸ்அப் குழு மட்டும் பிழைத்துக்கொண்டது. கோவில்பட்டியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். குழுவில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். டொராண்டோவில் இரவுப்பணி பார்க்கும் ஒரு செவிலியர், துபாயில் கணக்கு எழுதும் ஒரு தம்பி, பண்ருட்டியில் மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணன், யாழ்ப்பாணத்தில் ஒரு அக்கா என்று இருபது பேருக்குள்தான் இருப்போம். பெரும்பாலானோர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. எங்கிருந்தோ வந்த எதையும் இங்கே தள்ளிவிடக் கூடாது, அன்றைக்குத் தனக்கு நடந்ததை மட்டுமே சொல்ல வேண்டும் என்பது மட்டும் எழுதாத விதி.

என்னென்ன வரும் என்கிறீர்களா? நார்த்தங்காய்க்கு மூன்று நாள் சேர்ந்தாற்போல வெயில் கிடைத்தது என்பார் டீச்சர். டொராண்டோவில் பனி கொட்டுகிற மாதத்தில், அடுப்பு மூட்டாத ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு, அந்தச் சூட்டிலேயே தோசை மாவைப் பொங்கவைத்த படத்தை அனுப்புவார் செவிலியர். வருஷப் புளியை அடித்துக் கொட்டை எடுத்து முடித்தாயிற்று என்று ஒரு குரல்பதிவு; பின்னணியில் புளியடித்த பெண்கள் காசு எண்ணும் சத்தம். யாழ்ப்பாணத்து அக்கா, கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலம் தொடங்கிவிட்டது என்று ஒரே வரி எழுதுவார். துபாய்த் தம்பி அன்று முழுக்கப் பொறாமைப்படுவான், வெளிப்படையாகவே. அந்தப் பொறாமையில் நஞ்சு கிடையாது. அதுவும் எங்களுக்கு ஒரு விருந்துதான்.

நம் நாட்டின் ‘குட் மார்னிங்’ படங்களை இதோடு சேர்க்க எனக்கு மனமில்லை. ரோஜாப்பூ, சூரியோதயம், அடியில் ஒரு பொன்மொழி. இந்தியக் கைபேசிகள் இடமில்லாமல் திணறுவதற்கு இந்தப் படங்களும் ஒரு காரணம் என்று கண்டுபிடித்த கூகுள், அவற்றை அடையாளம் கண்டு அழிக்கும் வசதியைச் செய்து கொடுத்தது. 2018இல் இது செய்தியாகவே வந்தது. அனுப்புகிறவர்களின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தில் அனுப்பியவர் இல்லை. அவர் காலையில் எழுந்து என்ன பார்த்தார், காப்பி எப்படி இருந்தது என்று அதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. வாசலில் போட்ட கோலத்தை, ஓர் இழை கோணியிருந்தாலும், அப்படியே படம் எடுத்து அனுப்பினால் அதில் ஆள் இருக்கிறார்.

இப்படிச் சொல்வதால் உண்மையிலேயே ஏதாவது கூடுகிறதா? உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஷெல்லி கேபிளும் அவருடைய சகாக்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வு அது. பங்கேற்றவர்கள் அன்றன்றைக்கு நடந்த நல்லதையும், அதை யாரிடமாவது சொன்னார்களா என்பதையும் தினமும் குறித்துவைத்தார்கள். சொன்ன நாட்களில் மனநிலை கூடுதலாக உயர்ந்திருந்தது. அந்த நல்லது நடந்ததால் வரும் மகிழ்ச்சியைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், சொன்னதால் வந்த மகிழ்ச்சி தனியாக நின்றது.

அந்த ஆய்வில் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது இன்னொரு பகுதி. நல்ல சேதியைக் கேட்பவர்கள் நான்கு விதமாகப் பதில் சொல்கிறார்களாம். ‘மாடித் தொட்டியில் மல்லி முதல்முறையாகப் பூத்திருக்கிறது’ என்று நீங்கள் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ‘அட! எத்தனை பூ? ராத்திரி மணம் வீட்டுக்குள் வருகிறதா?’ என்பது ஒரு பதில். ‘நல்லது’ என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்வது இன்னொன்று. ‘மல்லிக்கு மொட்டுப்புழு வருமே, பார்த்துக்கொள்’ என்பது மூன்றாவது. ‘நாளைக்கு முழுநாள் கரண்ட் கிடையாதாமே?’ என்று பேச்சையே மாற்றிவிடுவது நான்காவது. உறவுக்கு உரமாவது முதல் வகை மட்டும்தான் என்பது அவர்கள் கண்டது. இரண்டாவதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இருந்தும் அது முதலாவதன் வேலையைச் செய்வதில்லை.

எங்கள் வீடுகளில் மூன்றாவது வகைதான் அதிகம். அதுவும் அக்கறைதான் என்பது தெரியும். பிள்ளை 92 மதிப்பெண் என்று ஓடிவந்தால், மிச்சம் எட்டு எங்கே என்று கேட்டே பழகிய வாய்கள். குழுவுக்கு வந்த பிறகுதான், மகிழ்ச்சியோடு வருகிறவரிடம் முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பது எனக்குப் பழக்கமானது. 2022இல் வாட்ஸ்அப்பில் செய்தியின் மேலேயே கட்டைவிரலோ இதயமோ ஒட்டிவிடும் வசதி வந்தது. தொட்டால் போதும், எழுத வேண்டியதில்லை. அது வந்த புதிதில் எங்கள் குழுவே கொஞ்ச நாள் ஊமையாகிப்போனது. டீச்சர்தான் பொறுக்கமாட்டாமல், ‘கட்டைவிரலைக் காட்டாதீங்க, வாயைத் திறந்து கேளுங்க’ என்று அதட்டினார். அதட்டலுக்குப் பலன் இருந்தது.

தொலைவில் இருப்பவர்களோடு என்ன பெரிய நட்பு என்பவர்களுக்கு நம் இலக்கியத்திலிருந்தே பதில் உண்டு. தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி.யைச் சுற்றித் திருநெல்வேலியில் ஒரு நண்பர் வட்டம் கூடியது. வட்டத்தொட்டி என்று பெயர். கவிதையும் பேச்சும் சாப்பாடுமாக மாலைகள் கழியும். பிறகு அவர் குற்றாலத்தில் குடியிருந்தபோது ராஜாஜியும் கல்கியும் தேடி வந்தார்கள். வர முடியாதவர்களுக்குக் கடிதம் போனது. அந்தக் கடிதங்கள் இன்று புத்தகமாகக் கிடைக்கின்றன. எழுத்தாளர் கு. அழகிரிசாமி வேலையின் பொருட்டு 1950களில் மலேயாவில் இருந்தார். அவருடைய நண்பர் கி. ராஜநாராயணன் இடைசெவலில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார். அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்களும் நூலாக வந்திருக்கின்றன. இப்படிப்பட்ட கடிதங்களைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: அனுபவித்ததை உடனே ஒருவரிடம் சொல்லாவிட்டால் இவர்களுக்கு அனுபவித்து முடிந்த மாதிரியே இருந்திருக்காது. அஞ்சலட்டை போய்ச் சேர நாலு நாள் ஆனது, நமக்கு நாலு நொடி ஆகிறது. வேகம்தான் கூடியிருக்கிறது, ஆசை அதேதான்.

வட்டம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பது வேறு கேள்வி. 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கியபோது, ஆம்ஸ்டர்டாமில் வசித்த பெல்ஜியப் பெண் பார்பரா துரியோ ஃபேஸ்புக்கில் ஒரு குழு ஆரம்பித்தார். உங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து தெரிவதைப் படமெடுத்துப் போடுங்கள், அவ்வளவுதான். பனிமூடிய முற்றம், துணி காயும் கொடி, எதிர்வீட்டுச் சுவர் என்று உலகத்தின் ஜன்னல்கள் வரிசையாக வந்து நின்றன. சில வாரங்களில் இருபது லட்சம் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். வந்து குவிந்த படங்களைக் கையாள முடியாமல் புதுப் படங்கள் வாங்குவதையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. நானும் அந்தப் படங்களை இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள்தான். அந்த நாட்களில் அது பெரிய ஆறுதல். ஆனாலும் அந்த ஜன்னலுக்குள் இருந்தவரிடம் மறுநாள், ‘கொடியில் போட்ட துணி காய்ந்ததா?’ என்று கேட்க வழியில்லை. அப்படிக் கேட்பதற்கு இருபது பேர் போதும். வாட்ஸ்அப் இப்போது ஒரு குழுவில் 1024 பேரை அனுமதிக்கிறது. எங்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

தினமும் ஏதாவது சொல்லிக்கொள்வதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: ஒருநாள் சொல்லாவிட்டால் யாராவது கவனிப்பார்கள். வேர்டில் என்ற ஐந்தெழுத்துச் சொல் விளையாட்டு 2021 கடைசியில் பரவியது. நாளுக்கு ஒரே சொல். விடையைச் சொல்லாமல், பச்சையும் மஞ்சளுமான கட்டங்களாக முடிவை மட்டும் நண்பர்களுக்கு அனுப்பலாம். 2022 பிப்ரவரியில் சிகாகோ அருகே தனியாக வசித்த எண்பது வயது அம்மையாரின் வீட்டுக்குள் இரவில் ஒருவன் புகுந்து, அவரைக் கீழ்த்தளக் குளியலறையில் அடைத்துவைத்தான். மறுநாள் அவருடைய வேர்டில் கட்டம் வரவில்லை. தினமும் தவறாமல் அனுப்புகிறவர் ஏன் அனுப்பவில்லை என்று தொலைவில் சியாட்டிலில் இருந்த மகளுக்குக் கவலை. காவலர்கள் வந்து அம்மாவை உயிரோடு மீட்டார்கள்.

ஜப்பானில், தனியாக இருப்பவர்கள் நலமா என்று தெரிந்துகொள்வதற்கென்றே ஒரு பொருள் வந்தது. ஸோஜிருஷி நிறுவனம் 2001இல் கொண்டுவந்த மின்கெட்டில் அது. தனியாக வாழும் முதியவர் தேநீருக்குத் தண்ணீர் எடுத்தால் அந்த விவரம் தொலைவில் இருக்கும் பிள்ளைகளுக்கு மின்னஞ்சலாகப் போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் கெட்டில் சொல்வதைவிட, ‘இஞ்சி தட்டிப் போட்டேன், தொண்டைக்கு இதமாக இருந்தது’ என்று அம்மாவே சொல்வது எனக்குப் பிடிக்கும்.

எங்கள் குழுவில் பண்ருட்டி அண்ணனின் மனைவி காலமானபோது, என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. பூவும் மாங்காயும் பற்றி எழுத யாருக்கும் கை வரவில்லை. பதினாறாம் நாள் முடிந்த பிறகு அவரே எழுதினார்: ‘நீங்க பேசுங்க. காலையில் எழுந்ததும் படிக்க ஏதாவது வேணும்.’ டீச்சர் அன்றைக்கே எழுதினார், தெருநாய் நான்கு குட்டி போட்டிருக்கிறது, ஒன்றுக்கு மட்டும் நெற்றியில் வெள்ளை என்று. ‘ஆணா பெண்ணா?’ என்று அண்ணன் கேட்டார்.

வருகிற சாரலுக்குக் குற்றாலத்தில் எல்லோரும் கூடுவது என்று பேச்சு நடக்கிறது. ஆனியிலா ஆடியிலா என்பதில் இரண்டு கட்சி. டொராண்டோக்காரருக்கு ஆடியில்தான் விடுப்பு. தங்கும் இடம் இன்னும் முடிவாகவில்லை. செங்கோட்டையில் பார்டர் பரோட்டா சாப்பிடுவது மட்டும் ஏகமனதாக நிறைவேறியிருக்கிறது. டீச்சர் நார்த்தங்காய் ஊறுகாய் ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவருகிறாராம். கறுத்தக்கொழும்பான் அதுவரை தாங்குமா, விமானத்தில் கொண்டுவர விடுவார்களா என்று யாழ்ப்பாணத்து அக்கா விசாரித்துக்கொண்டிருக்கிறார்.