சக்கரம் மேலேயா, கீழேயா? சொந்த நீர்விமானம் வாங்குவோருக்கான முதல் கேள்வி

சிறகுகளை மடித்து, டிரெய்லரில் ஏற்றி, காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகலாம். ஏரிக்கரையில் இறக்கி, சிறகை விரித்து, தண்ணீரிலிருந்தே கிளம்பலாம். பொழுது சாய்ந்ததும் ஏதாவது ஓர் ஊரின் ஓடுதளத்தில் இறங்கிக்கொள்ளலாம். 2008-ல் கலிஃபோர்னியாவின் ஐகான் நிறுவனம் ‘ஏ5’ என்ற இரண்டு இருக்கை விமானத்தை இப்படித்தான் அறிமுகப்படுத்தியது. அப்போது சொன்ன விலை 1,39,000 டாலர். ஆசை யாரை விட்டது? முன்பணம் கட்டி வரிசையில் நின்றார்கள் அமெரிக்கர்கள்.

முதல் விமானம் வாடிக்கையாளர் கைக்குப் போனது 2015-ல்தான். 2017-ல் எல்லா வசதிகளும் சேர்ந்த ஏ5-ன் விலை 3,89,000 டாலரைத் தொட்டுவிட்டது. இன்றைய மதிப்பில் 3 கோடி ரூபாய்க்கு மேல். 2024-ல் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போய், கைமாறியது. உதிரிபாகம் யார் தருவார்கள் என்ற கேள்வியை விமானத்தின் அழகைப் பார்க்கும் முன்பே கேட்டுவிட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இவ்வளவு பேர் இந்த ஆசையில் விழக் காரணம் உண்டு. 2004-ல் அமெரிக்கா கொண்டுவந்த ‘லைட் ஸ்போர்ட்’ விதியின்படி, குறைந்தபட்சம் 20 மணி நேரப் பயிற்சியிலேயே பொழுதுபோக்கு விமானி உரிமம் பெறலாம். மருத்துவச் சான்றுக்குப் பதிலாகக் கார் ஓட்டுநர் உரிமமே பெரும்பாலும் போதும். ஆனால், நீரிலும் நிலத்திலும் இறங்கும் விமானம் ஒரு தனி ரகம். சாதாரண விமானத்தில் பழகிய கை இதில் தடுமாறும்.

இரண்டு தவறு, இரண்டு விலை

மற்ற விமானங்களில் இறங்கும் முன் சக்கரத்தைக் கீழே விட வேண்டும். அவ்வளவுதான், அதை மறக்கக் கூடாது. நீர்விமானத்தில் அப்படி ஒரே விடை கிடையாது. ஓடுதளம் என்றால் சக்கரம் கீழே, தண்ணீர் என்றால் மேலே.

சக்கரத்தை விட மறந்து ஓடுதளத்தில் இறங்கினால், படகு போன்ற அடிப்பாகம் தரையில் உரசும். செலவு வரும், ஆள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். சக்கரம் நீட்டியபடி தண்ணீரில் இறங்கினால் கதையே வேறு. நீர் சக்கரத்தைப் பிடித்து இழுக்க, மூக்கு உள்ளே போய், விமானம் நொடியில் குப்புறக் கவிழ்ந்துவிடும். தலைகீழாக, பெல்ட்டில் தொங்கியபடி, கலங்கிய நீரில் கதவைத் தேட வேண்டும். நீந்தத் தெரிந்தவர்கள்கூட இதில் மாட்டிக்கொண்டு இறந்திருக்கிறார்கள். அதனால்தான் பயிற்சி பெற்றவர்கள், “இது தண்ணீர், சக்கரம் மேலே” என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். பக்கத்தில் இருப்பவர் சிரித்தாலும் பரவாயில்லை!

வாங்கப் போகிறவர் பார்க்க வேண்டியதும் இதுதான். சக்கரம் எங்கே இருக்கிறது என்பது இருக்கையிலிருந்தே கண்ணுக்குத் தெரிகிறதா? தெரியாவிட்டால் கண்ணாடி உண்டா? குரலில் எச்சரிக்கும் கருவி இருக்கிறதா? கவிழ்ந்தால் கதவோ மேல்மூடியோ உள்ளிருந்து எளிதில் திறக்குமா? நீச்சல் குளத்தில் கூண்டோடு கவிழ்த்து, வெளியே வரக் கற்றுத்தரும் பயிற்சிகள் இருக்கின்றன. விமானத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் அதற்குக் கட்டலாம்.

அசையாத கண்ணாடி போன்ற ஏரியும் ஏமாற்றும். பார்க்க அழகு, ஆனால் நீர்மட்டம் எங்கே என்று கண்ணுக்குப் பிடிபடாது. இயந்திரம் தலைக்கு மேலே இருக்கும் ரகங்களில், வேகத்தைச் சட்டென்று கூட்டினால் மூக்கு மேலே போகாமல் கீழே போகும். இதெல்லாம் அதே ரக விமானத்தில், ஆசிரியருடன் பறந்து பழக வேண்டியவை.

தாழப் பறக்கும் ஆசை இன்னொரு வில்லன். 2017 மே மாதம் கலிஃபோர்னியாவின் பெரியெஸ்ஸா ஏரிப் பகுதியில், ஐகானின் பொறியாளரும் அனுபவமிக்க சோதனை விமானியுமான ஜான் கார்கோ, தாழப் பறந்து மலை இடுக்கு ஒன்றில் நுழைந்து, திரும்ப இடமில்லாமல் மோதி இறந்தார். உடன் இருந்தவரும் இறந்தார். அதே ஆண்டு நவம்பர் 7-ம் தேதி, புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் ராய் ஹாலடே, வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத தன் ஏ5-ல் ஃபுளோரிடா கடலோரம் தாழப் பறந்து விழுந்தார். வயது 40.

எடைக் கணக்கு

ஏ5-ல் ஆள், பெட்ரோல், சாமான் எல்லாம் சேர்த்து ஏற்றக்கூடிய எடை சுமார் 195 கிலோ. டேங்கை நிரப்பினால் பெட்ரோலே 54 கிலோ போய்விடும். மிச்சம் 140 கிலோவில் கணவன், மனைவி, சாப்பாட்டுக் கூடை! வீட்டில் எடை பார்க்கும் மெஷினில் ஏறிவிட்டு விலை பேசுவது நல்லது. அலை விஷயத்திலும் இந்தக் குட்டி விமானங்களுக்குப் பெரிய தைரியம் கிடையாது. ஓர் அடி உயர அலையே அதிகம்.

பணம் குறைவாக இருப்பவர்கள் ‘சீரே’ போன்ற விமானத்தைப் பாகங்களாக வாங்கித் தாங்களே கட்டுகிறார்கள். வேலையில் பாதிக்கு மேல் தானே செய்தால், ஆண்டுச் சோதனையைத் தானே செய்யும் சான்றிதழும் கிடைக்கும். ஆனால், பல ஆண்டு வார இறுதிகள் அதிலேயே கரைந்துவிடும். வீட்டில் கேட்டுவிட்டுத் தொடங்கலாம்.

பழையது வாங்குபவர், விற்பவருக்கு வேண்டாத ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போக வேண்டும். உப்புநீரில் இறங்கிய விமானமா, ஏரியிலேயே இருந்ததா என்று கேட்க வேண்டும். உப்பு, அலுமினியத்தை உள்ளுக்குள்ளேயே தின்னும். நல்ல தண்ணீரில் கழுவாமல் விட்டிருந்தால் கீல்களும் சக்கரத்தை மடக்கும் பாகங்களும் காட்டிக்கொடுத்துவிடும். விலை முடிவாகும் முன்பே இன்ஷூரன்ஸ் கேட்டுப் பார்ப்பது அவசியம். நீர்விமானத்துக்குப் பிரீமியம் அதிகம். அதே ரகத்தில் இத்தனை மணி நேரம் ஆசிரியருடன் பறந்திருக்க வேண்டும் என்றும் கம்பெனிகள் நிபந்தனை போடும். வீட்டுக்குப் பக்கத்து ஏரியில் இறங்க அனுமதி உண்டா என்பதையும் அப்போதே விசாரித்துக்கொள்ளலாம்.

கடைசியாக, சோதனை ஓட்டத்தில் தண்ணீரில் நாலைந்து முறை இறங்கி ஏறச் சொல்லுங்கள். கரைக்கு வந்ததும் அடிப்பாகத்தின் வடிகால் மூடிகளைத் திறக்கச் சொல்லி, எவ்வளவு தண்ணீர் கொட்டுகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு டம்ளர் என்றால் பேசலாம். ஒரு வாளி என்றால், அடுத்த விமானத்தைப் பார்க்கலாம்.