கிரீடத்தைத் தீர்மானிப்பது யார்?

முதல் பிரபஞ்ச அழகிப் போட்டி 1952-ல், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள லாங் பீச் நகரில் நடந்தது. இந்தியா சார்பில் அதில் கலந்துகொண்டவர் இந்திராணி ரஹ்மான். சென்னையில் பிறந்தவர், பரதநாட்டியக் கலைஞர். நெற்றியில் பொட்டும் கூந்தலில் பூச்சரமுமாக அவர் நீச்சலுடையில் நிற்கும் படம் இன்றும் பகிரப்படுகிறது. பலரும் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. அப்போது அவர் திருமணமானவர், ஒரு பெண் குழந்தைக்குத் தாய்.

அதே போட்டி பின்னாளில், திருமணமானவர்களும் தாய்மார்களும் வரக் கூடாது என்று கதவைச் சாத்தியது. அந்தக் கதவு மறுபடி திறந்தது 2023-ல்தான்.

யார் போட்டியிடலாம், யார் ஜெயிக்கலாம் என்பதையெல்லாம் முடிவு செய்வது யார்? இறுதிச்சுற்று இரவன்று தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது கடைசிக் கட்டம் மட்டுமே. தேர்வின் பெரும்பகுதி அதற்கு முன்பே நம் கண்ணில் படாமல் நடந்து முடிந்துவிடுகிறது.

விளம்பரத்துக்காகப் பிறந்தவை

உலக அழகிப் போட்டி 1951-ல் லண்டனில் தொடங்கியது. பிரிட்டன் திருவிழாவையொட்டி எரிக் மோர்லி நடத்திய பிகினி போட்டி அது. ஸ்வீடனின் கிகி ஹோகன்சன் பிகினியிலேயே மகுடம் சூடினார். பிரபஞ்ச அழகிப் போட்டியின் பிறப்பும் நீச்சலுடையோடு சேர்ந்ததுதான். மிஸ் அமெரிக்காவாகத் தேர்வான யோலண்ட் பெட்பீஸ், நீச்சலுடையில் ஊர் ஊராகப் போய் நிற்க முடியாது என்று மறுத்துவிட்டார். கோபித்துக்கொண்டு மிஸ் அமெரிக்காவுக்கான ஆதரவை விலக்கிய கேட்டலினா என்ற நீச்சலுடை நிறுவனம், தனக்கென்று தொடங்கிய போட்டி இது.

வியாபாரத்துக்காகத் தொடங்கியவை என்பதாலேயே இவற்றை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இந்திய மருத்துவ மாணவி ரீட்டா ஃபாரியா 1966-ல் உலக அழகியானார். 1994-ல் சுஷ்மிதா சென்னும் ஐஸ்வர்யா ராயும் ஒரே ஆண்டில் இரண்டு மகுடங்களையும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். சாதாரணக் குடும்பத்துப் பெண்களுக்கு இந்த மேடை புதிய வழிகளைத் திறந்துவிட்டிருக்கிறது. அதனால்தான் தேர்வு நேர்மையாக நடக்கிறதா என்ற கேள்வி முக்கியமாகிறது.

நாட்டின் பெயர், தனியாரின் உரிமம்

ஒலிம்பிக்குக்கு வீரர்களை அனுப்ப ஒவ்வொரு நாட்டிலும் ஒலிம்பிக் கமிட்டி இருக்கிறது. அழகிப் போட்டிக்கு அப்படி எந்தப் பொது அமைப்பும் கிடையாது. உலக அளவில் போட்டியை நடத்தும் நிறுவனத்திடம் உரிமம் பெறும் தனியார் நிறுவனம்தான் நாட்டின் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கிறது. உலக அழகிப் போட்டிக்கு இந்தியப் பெண்ணை அனுப்புவது ஃபெமினா மிஸ் இந்தியா. பிரபஞ்ச அழகிக்கான இந்திய உரிமமோ ஃபெமினா, சுஷ்மிதா சென் நடத்திய 'ஐ ஆம் ஷி', மிஸ் திவா என்று கைமாறி, 2024 முதல் கிளாமானந்த் குழுமத்திடம் இருக்கிறது.

உரிமம் கைமாறினால் விண்ணப்ப முறை, உயர வரம்பு, ஒப்பந்த நிபந்தனைகள் எல்லாமே மாறலாம். ஃபெமினா 2017 முதல் மாநிலத்துக்கு ஒருவர் என்ற முறையைக் கொண்டுவந்தது. மும்பை, டெல்லி மாடலிங் வட்டாரத்துக்கு வெளியே இருக்கும் பெண்களுக்கு இது உண்மையான வாய்ப்பு. திருச்சியைச் சேர்ந்த, லயோலா கல்லூரி மாணவி அனுகீர்த்தி வாஸ் தமிழகப் பிரதிநிதியாகப் போய், 2018-ல் மிஸ் இந்தியா ஆனார். அதே ஆண்டு சீனாவின் சான்யாவில் நடந்த உலக அழகிப் போட்டியில் முதல் 30 பேரில் ஒருவராக வந்தார். விதியில் செய்யும் ஒரு மாற்றம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அதே 2018-ல் உக்ரைனில் வெரோனிகா டிடுசென்கோ மிஸ் உக்ரைன் ஆனார். அவருக்கு ஒரு மகன் இருப்பது தெரிந்ததும் சில நாட்களிலேயே பட்டம் பறிக்கப்பட்டது. தாய்மார்களுக்குத் தடை விதித்த உலக அழகிப் போட்டி நிறுவனத்துக்கு எதிராக அவர் லண்டனில் சட்டப் போராட்டத்தில் இறங்கினார். கனடாவில் ஜென்னா டலகோவா என்ற திருநங்கை எதிர்த்துக் குரல் கொடுத்த பிறகுதான், 2012-ல் பிரபஞ்ச அழகிப் போட்டி திருநங்கைகளை அனுமதித்தது. ஸ்பெயினின் ஏஞ்சலா பொன்சே 2018-ல் அந்த மேடையில் நின்றார். அந்தப் போட்டியின் 28 வயது உச்சவரம்பும் 2024-ல் நீங்கியது. இந்த மாற்றங்களில் பலவும் யாரோ ஒரு பெண் முட்டி மோதிய பிறகு வந்தவைதான்.

மேடைக்கு முந்தைய தேர்வு

உலக அழகிப் போட்டியில் விளையாட்டு, தனித்திறமை, மாடலிங், சமூகப்பணி ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சுற்றுகள் உண்டு. இவற்றில் ஜெயிப்பவர்கள் நேரடியாக அடுத்த கட்டத்துக்குப் போகிறார்கள். நீச்சலுடைச் சுற்று 2015 முதல் கிடையாது.

ஹைதராபாத்தில் 2025 மே 31 அன்று நடந்த இறுதிச்சுற்றில் 108 பேர் கலந்துகொண்டார்கள். அன்று போட்டியாளர்களைக் கண்டம்வாரியாக நான்கு பிரிவாக்கினார்கள். ஒவ்வொரு பிரிவிலும் 10 பேர், பிறகு 5 பேர், பிறகு 2 பேர், கடைசியில் ஒருவர். இந்தியாவின் நந்தினி குப்தா மாடலிங் சுற்றில் ஆசிய, ஓசியானியப் பிரிவில் ஜெயித்து முன்னேறியவர். ஆனால் பிலிப்பைன்ஸும் தாய்லாந்தும் முந்திக்கொள்ள, 20 பேர் கொண்ட கட்டத்தோடு அவர் பயணம் முடிந்தது. தாய்லாந்தின் ஓபல் சுசாதா மகுடம் சூடினார். எல்லாக் கண்டங்களுக்கும் இடம் தரும் முறை இது. அதேசமயம், போட்டியின் சிறந்த இருவர் ஒரே பிரிவில் இருந்துவிட்டால் கடைசி நால்வரில் ஒருவருக்குத்தான் இடம்.

பிரபஞ்ச அழகியில் நடுவர்களுடன் தனி நேர்காணல், நீச்சலுடை, மாலை உடை என முதல்கட்டத் தேர்வு நடக்கிறது. அதிலிருந்து 30 பேர், 12 பேர், 5 பேர் என்று சுருங்குகிறது. ஒரு பெண்ணின் சிந்தனையும் பேச்சும் நிதானமாக வெளிப்படும் இடம் அந்த நேர்காணல்தான். மேடையில் கிடைப்பது ஒரு கேள்வி, சில நொடிகள்.

மதிப்பெண் எங்கே?

மணிலாவில் 1994-ல் பிரபஞ்ச அழகிப் பட்டத்துக்கு சுஷ்மிதா போட்டியிட்டபோது, ஒவ்வொரு சுற்றிலும் வாங்கிய மதிப்பெண் தொலைக்காட்சித் திரையிலேயே தெரிந்தது. இன்று அந்த வழக்கம் இல்லை. 2025 நவம்பரில் தாய்லாந்தில் நடந்த பிரபஞ்ச அழகிப் போட்டிக்குச் சில நாட்கள் முன்பு, நடுவர் குழுவிலிருந்து இசையமைப்பாளர் ஓமர் ஹர்ஃபூஷ் விலகினார். 30 பேரை ரகசியக் குழு ஒன்று முன்கூட்டியே தேர்ந்தெடுத்துவிட்டது என்பது அவரது குற்றச்சாட்டு. போட்டி நிறுவனம் அதை மறுத்தது. அதே போட்டியில் மெக்சிகோவின் ஃபாத்திமா போஷை நிர்வாகி ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டதால், பல நாட்டுப் பெண்கள் அவருக்காக எழுந்து வெளியேறினார்கள். கடைசியில் மகுடம் ஃபாத்திமாவுக்கே கிடைத்தது.

அந்தக் குற்றச்சாட்டு உண்மையா என்று தீர்ப்பு சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை. சுற்றுவாரியான மதிப்பெண்ணை வெளியிட்டிருந்தால் சந்தேகத்துக்கே இடமிருந்திருக்காது. அது ஜெயித்தவருக்கும் நல்லது. 'முன்பே முடிவு செய்துவிட்டார்கள்' என்ற பேச்சைச் சுமக்க வேண்டியவர் அவர்தானே! மாதக்கணக்கில் படிப்பையும் வேலையையும் ஒதுக்கிவைத்து, குடும்பத்தின் சேமிப்பைச் செலவழித்து வரும் பெண்ணுக்கு, தான் எங்கே பின்தங்கினோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

இந்த மேடையைக் கனவு காணும் பெண்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. விண்ணப்பிக்கும் முன், அந்த ஆண்டு உரிமம் யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். 'தேர்வாகிவிட்டீர்கள், பணம் கட்டுங்கள்' என்று வரும் அழைப்புகளை நம்பிவிடாதீர்கள். ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். மதிப்பெண் எப்படிப் போடுவீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். பதில் சொல்லாத போட்டிக்கு உங்கள் உழைப்பைக் கொடுக்காதீர்கள்.